டி டிரைவில் போட்டால் பேக்கப் ஆகுமா?

மூலனூரில் பருத்தி வாங்கி விற்கும் ஒரு வியாபாரியின் கடைக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் எடுத்த சரக்கின் கணக்கு, நூல் மில்களுக்கு அனுப்பிய லோடுகளின் பில், யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற லெட்ஜர் எல்லாம் அதில் இருக்கும். இன்னொரு ஃபோல்டரில் மகள் கல்யாணப் போட்டோக்கள். பில் விவரங்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏறியிருக்கும். வங்கி ஸ்டேட்மென்ட்டை மறுபடி வாங்கலாம். பாக்கி லெட்ஜரும் போட்டோக்களும் பெரும்பாலும் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே இருக்கின்றன. பேக்கப் எடுக்க உட்காரும்போது முதலில் கை வைக்க வேண்டியது இவற்றில்தான்.

கணக்கைப் பொறுத்தவரை இது விருப்பம் சார்ந்த விஷயமும் அல்ல. ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். கம்ப்யூட்டரில் எழுதும் கணக்குக்கு முறையான பேக்கப் வேண்டும், அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் அதை மீட்க முடிய வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகளில் 57-ஆவது விதி சொல்கிறது. மீட்க முடிய வேண்டும் என்ற அந்த நிபந்தனை மிகச் சரியானது. பிரதி எடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் பலர் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே பளபளப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டி அதிர்ந்தால் முனை தட்டில் உரசிவிடலாம். பஞ்சுத்தூசி மின்விசிறியை அடைத்துச் சூடேறுவதும், மின்சாரம் திடீரென்று போய்ப் போய் வருவதும் இந்த ஊர்களின் பெட்டிகளுக்கு அன்றாடத் தொல்லை. இப்போது வரும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை. ஆனால் பழுதானால் பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடுகிறது. டெலிட் செய்ததை மீட்டுத் தருவார்கள் என்ற நம்பிக்கையும் பழைய டிஸ்க்கைப் பார்த்து வந்தது. அதில் அழித்த ஃபைல், வேறொன்று மேலே எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டி அந்த இடத்தைத் தானே துடைத்துவிடும்.

“டி டிரைவில் பேக்கப் இருக்கிறது” என்று கடைக்குக் கடை கேட்கலாம். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கில் போட்ட இரண்டு பிரிவுகள்தான். டிஸ்க் போனால் இரண்டும் போகும். அடுத்த படியாக வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குகிறார்கள், நல்லது. ஆனால் அதை எந்நேரமும் செருகியே வைத்தால், இடி விழுந்து மின்னழுத்தம் எகிறும் நாளில் அதுவும் சேர்ந்தே போகலாம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை வைரஸ் சுமார் 150 நாடுகளில் ஃபைல்களைப் பூட்டி, 300 டாலர் கேட்டது. கம்ப்யூட்டரில் செருகியிருந்த டிஸ்க்குகளையும் அது விட்டுவைக்கவில்லை. விண்டோஸ் தானாக எடுத்துவைத்திருந்த பழைய பிரதிகளையும் அழித்தது. வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவைப்பதுதான் அதற்கு எளிய மருந்து.

கூகுள் டிரைவில் இருக்கிறதே என்றால், அங்கே நடப்பது பெரும்பாலும் ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருந்துவிட்டுப் போய்விடும். நேற்றைய, போன வாரத்து, போன மாதத்துப் பிரதிகள் தனித்தனியாக இருக்க வேண்டும். தவறு நடந்ததே சில சமயம் மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வேறு இடத்தில்: அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய கணக்கு இது. வேறு இடம் என்பதன் அருமை தமிழருக்குப் புதிதல்ல. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சு நூல்களில் பலவற்றை வேறெங்கோ தேடிப் பிடிக்கலாம். ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடிகளை எங்கே தேடுவது? கடைப் பிரதி வீட்டிலும் வீட்டுப் பிரதி கடையிலும் இருந்தாலே பாதி ஆபத்து விலகும். இணையத்தில் ஏற்றுவதானால் பொறுமை வேண்டும்: 100 ஜிபி போட்டோக்கள், 20 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில், 11 மணி நேரத்துக்கு மேல் ஏறும். இரவில் ஓடவிடலாம். அடுத்த முறையிலிருந்து புதியதும் மாறியதும் மட்டும் போகும்.

திருப்பூர்ப் பக்கத்து எம்ப்ராய்டரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மெஷினுக்குப் போகும் டிஎஸ்டி ஃபைலில் ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே நிறம் மாற வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது. அளவை நன்றாக மாற்ற, டிசைன் வரைந்த சாஃப்ட்வேரின் மூல ஃபைல் வேண்டும். இரண்டையும் சேர்த்தே பிரதி எடுங்கள்.

விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி போன்ற வசதிகள் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களைத்தான் தாமாக எடுக்கும். கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டர் பொதுவாக வேறிடத்தில் இருப்பதால் அதைத் தனியே சேர்க்க வேண்டும், அல்லது டாலியிலேயே உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்த வேண்டும். ஃபோல்டரை நேராகப் பிரதி எடுப்பதென்றால், டாலியை மூடிவிட்டு எடுங்கள்.

பிறகு சோதனை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்தார். அவர்களிடம் இருந்த ஐந்து பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றும் நினைத்தபடி கைகொடுக்கவில்லை; தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. ஆகவே மாதம் ஒரு முறையாவது பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஒரு பார்ட்டியின் பாக்கி சரியாக வருகிறதா, பத்துப் போட்டோ முழுதாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். அதே கம்ப்யூட்டரில்தான் ரீஸ்டோர் செய்ய வேண்டுமென்றால், புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணக்கின் ஃபோல்டரிலேயே செய்தால், இன்று காலை போட்ட என்ட்ரிகளின் மேல் போன வாரக் கணக்கு ஏறிவிடும்.