தரவரிசை ஆட்டத்திற்கு முன்

‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’வில் தரம் உயர விரல்வேகம் போதும் என எண்ணுவோர் பலர். நூறு பேர் இறங்கும் களத்தில் நால்வர் ஓர் அணி. எதிரியை வீழ்த்துவதற்கு மட்டுமன்றி, நெடுநேரம் பிழைத்திருப்பதற்கும் புள்ளி உண்டு. ஆகவே எங்கே குதிப்பதென்று முன்னதாகவே பேசி முடித்துவிடுவோம். துப்பாக்கியின் உதைப்பை அடக்கப் பழகப் பயிற்சிக்களம் இருக்கிறது. பேசப் பழகுவதுதான் கடினம். “அதோ, வலப்பக்கம்!” என்றால் நால்வருக்கும் நான்கு வலப்பக்கம். திரையின் மேலுள்ள திசைகாட்டி எண்ணையே சொல்லவேண்டும்: “285, மதில்” என்றால் மேற்கிற்குச் சற்று வடக்கே, மதிலருகில் எதிரி.

ஆம்பூரில் எங்களுடையது ஓரறை வீடு. விடியலில் ஷூ கம்பெனி வேனுக்கு ஓடவேண்டிய அம்மா அருகில் உறங்குவார். அவர் உறக்கம் கலையாதபடி அவ்விரு சொல்லைச் சொல்லவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. வீட்டின் முதல் பட்டதாரியாக வேண்டியவன் நான். செமஸ்டர் நெருங்கினால் அணியில் வேறொருவரைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.