உள்ளே விட்ட தண்ணீர் எங்கே போகிறது?

பூமிக்குள் ஆழத்தில் சூடு அதிகம். சில இடங்களில் பாறை இடுக்கில் உள்ள நீர் கொதித்து நீராவி ஆகிறது. ஆழக் கிணறு தோண்டி அந்த நீராவியை மேலே எடுக்கலாம். அதைக் கொண்டு மின்சாரம் தயாரிக்கலாம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. அங்கே கீசர்ஸ் என்பது ஒரு மலைப்பகுதி. 1960 முதல் அங்கே இப்படித்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். கிணறுகள் பெருகின. 1980களின் கடைசியில் நீராவி குறைந்தது. மின்சாரமும் குறைந்தது.

காரணம் என்ன? பாறையில் சூடு இருந்தது. தண்ணீர்தான் வற்றியது. அடுப்பு எரிகிறது, பானையில் தண்ணீர் இல்லை. அதுபோலத்தான்.

எனவே ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து பூமிக்குள் விட்டார்கள். 1997-இல் ஒரு குழாய் வந்தது. 2003-இல் சாந்தா ரோசா நகரிலிருந்து சுமார் 64 கிலோமீட்டருக்கு இன்னொரு குழாய் வந்தது.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. உள்ளே விட்ட நீர் பாறையில் தங்கிச் சூடாக வேண்டும். பெரிய வெடிப்பு வழியே வேகமாக ஓடினால் சூடாகாது. பக்கத்துக் கிணற்றையும் குளிர வைத்துவிடும்.

நீர் போகும் வழியை எப்படி அறிவது? நீரோடு ஓர் அடையாளப் பொருளைக் கலக்க வேண்டும். வெந்நீர் வரும் கிணறுகளில் பச்சையாக ஒளிரும் சாயத்தைக் கலப்பது உண்டு.

கீசர்ஸில் கிடைப்பது நீராவி. அங்கே சாயம் உதவாது. ஏன்? உப்புத் தண்ணீரை மூடிக் கொதிக்க வையுங்கள். மூடியில் படிந்த நீரை ஆறவிட்டுச் சுவையுங்கள். உப்புக் கரிக்காது. உப்பு பானையிலேயே தங்கிவிடும். சாயமும் அப்படியே கீழே தங்கிவிடும். எனவே நீராவியோடு வரக்கூடிய வாயுவைக் கலந்து பார்த்தார்கள். குளிர்பதனப் பெட்டியில் பயன்படும் வாயு அது.

பிறகு சுற்றியுள்ள கிணறுகளின் நீராவியைச் சோதிக்கிறார்கள். வாயு எந்தக் கிணற்றில் வந்தது? எத்தனை நாளில் வந்தது? எவ்வளவு வந்தது? மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் நல்லது. நீர் நன்றாகச் சூடாகிறது என்று பொருள். சீக்கிரமாக, நிறைய வந்தால் எச்சரிக்கை. அந்த இடத்தில் நீர் விடுவதைக் குறைக்கலாம். அல்லது வேறு கிணற்றில் விடலாம்.

நம் நாட்டிலும் லடாக்கில் பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. பூமியின் சூட்டை எங்கே எடுத்தாலும் பாடம் ஒன்றுதான். எடுத்த நீரைத் திருப்பித் தர வேண்டும். அது போகும் வழியையும் கவனிக்க வேண்டும்.