பழைய கோப்புப் பதிப்புகளை மீளப் பெறுதல்

பழைய கோப்புப் பதிப்புகளை மீளப் பெறுதல் என்பது, திருத்தக் கட்டுப்பாட்டு மென்பொருளில் சேமிக்கப்பட்ட ஒரு கோப்பின் முந்தைய நிலையைப் பார்ப்பதையும் ஒப்பிடுவதையும் மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதையும் குறிக்கும். இம்மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயர், நேரம், குறிப்புரை ஆகியவற்றுடன் களஞ்சியம் எனப்படும் சேமிப்பிடத்தில் பதிந்து வைக்கிறது. விக்கிப் பக்கங்களின் "வரலாறு" பகுதியும் இதே கருத்தை அடிப்படையாகக் கொண்டது.

தேவை

கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூர், வாகனத் தொழிற்சாலைகள் மிகுந்த நகரமாகும். தற்கால வாகனங்களில் எரிபொருள் செலுத்துகையை மின்னணுக் கட்டுப்பாட்டகத்தில் உள்ள நிரல் இயக்குகிறது. எடுத்துக்காட்டாக, 2.1 பதிப்பு நிரலுடன் ஒரு வாகனம் விற்கப்பட்டது எனக் கொள்வோம். பொறியாளர்கள் 3.0 பதிப்பை உருவாக்கிக்கொண்டிருக்கும்போது, சாலையில் ஓடும் வாகனத்தில் வழு ஒன்று தெரியவருகிறது. 3.0 பதிப்பு அவ்வாகனத்தில் சோதிக்கப்படாததால் அதனை அனுப்ப இயலாது. விற்கப்பட்ட அதே 2.1 பதிப்பே திருத்தப்பட வேண்டும். ஆகவே பழைய பதிப்பு என்பது கழிவன்று; பயனரின் கையில் இன்றும் இயங்கிக்கொண்டிருப்பது அதுவே.

வரலாறு

1972ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்டு எஸ்சிசிஎஸ் மென்பொருளை உருவாக்கினார். 1980களில் வால்ட்டர் டிக்கி உருவாக்கிய ஆர்சிஎஸ், அண்மைப் பதிப்பை முழுமையாகவும் முந்தையவற்றை வேறுபாடுகளாகவும் சேமித்தது. இதனால் வட்டில் இடம் மிச்சமானது. பின்னர் சிவிஎஸ், சப்வெர்சன் (2000) ஆகியவை பரவின. 2005ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் மென்பொருளை எழுதினார்.

முறைகள்

- பார்த்தல்: பழைய பதிப்பைத் தனிக் கோப்பாக எடுத்து, "டிஃப்" கட்டளையால் இன்றைய பதிப்புடன் ஒப்பிடலாம். எதையும் மாற்றாததால் இதுவே முதலில் செய்யத்தக்கது.
- மீட்டல்: பழைய உள்ளடக்கத்தைப் புதிய பதிவாகச் சேர்த்தல். 40ஆம் பதிவின் நிலைக்குத் திரும்பினால் அது 46ஆம் பதிவாக அமையும்; இடைப்பட்ட பதிவுகள் அழியா.
- கிளை பிரித்தல்: 2.1 பதிப்பிலிருந்து தனிக் கிளை தொடங்கி, வழுவைத் திருத்தி 2.1.1 என வெளியிடுதல். அதே திருத்தத்தை முதன்மைக் கிளையிலும் இணைக்க வேண்டும்; இல்லையெனில் 3.0 பதிப்பில் அவ்வழு மீண்டும் தோன்றும்.

கவனிக்க வேண்டியவை

சப்வெர்சனில் பழைய திருத்த எண்ணுக்கு "அப்டேட்" செய்தால் பயனரின் கணினியிலுள்ள படி மட்டுமே மாறும். அதைத் திருத்திப் பதிய முயன்றால், கோப்பு காலாவதியானது என்று மென்பொருள் மறுத்துவிடும். மீட்பதற்கு, தவறான மாற்றத்தை எதிர்த்திசையில் இணைத்துப் பதிய வேண்டும்.

கிட் மென்பொருளில் "ரிவர்ட்" கட்டளை, குறிப்பிட்ட மாற்றத்தை நீக்கும் புதிய பதிவைச் சேர்க்கிறது. "ரீசெட்" கட்டளையோ கிளையின் முனையையே பின்னுக்கு நகர்த்துகிறது. அதன் "ஹார்டு" தெரிவு, கண்காணிக்கப்படும் கோப்புகளில் பதியப்படாத மாற்றங்களையும் அழித்துவிடும். எனவே பிறருடன் பகிர்ந்த கிளைகளில் "ரிவர்ட்" கட்டளையைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

வெளியிடும் ஒவ்வொரு பதிப்புக்கும் "டேக்" எனப்படும் பெயர்க்குறி இட்டு வைத்தால், பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே நிலையைத் தேடாமல் எடுக்கலாம்.