அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெருவில் நடந்து பாருங்கள்

சென்னையில் வாடகை வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கிளம்புகிறார்கள். புரோக்கர் பைக்கில் முன்னால் போவார். இவர்கள் பின்னால் போவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், ஜன்னலைத் தள்ளிப் பார்ப்பார்கள். மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் தண்ணீர் உப்பா, பைக் நிறுத்த இடம் உண்டா, மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று கேட்பார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, சாயங்காலமே டோக்கன் அட்வான்ஸ் கைமாறிவிடும்.

குடிபோன பிறகுதான் தெரு கண்ணில் படுகிறது. வேலை முடிந்து இரவு எட்டரைக்கு பஸ்ஸை விட்டு இறங்கும் பெண், பாதி வழியில் செல்போன் டார்ச்சை எரியவிட்டு நடக்க வேண்டியிருக்கிறது. தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போய்ப் பழகிய அம்மா, ஒருநாள் கால் இடறி விழுந்தபின் வீட்டோடு இருந்துவிடுகிறார். பத்து வயதுப் பையனை எதிர்ப்பக்கத்து அண்ணாச்சி கடைக்குத் தனியாக அனுப்ப மனசு வருவதில்லை. வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிட்டு வெளியே வருவதே பெரும்பாடாகிவிடுகிறது.

பிடிக்கவில்லை என்றால் உடனே மாறிவிடவும் முடியாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையை வரம்பாகச் சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. அதனால் அதற்கு மேல் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. பேக்கர்ஸ் செலவு, புரோக்கர் கமிஷன், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் சேர்ந்து, ஒரு தவறான தெரு நம்மை இரண்டு மூன்று வருடம் கட்டிப்போட்டுவிடும். நாம் வாடகை கொடுப்பது வீட்டுக்கும், அந்த வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரையிலான வழிக்கும் சேர்த்துத்தான். அந்த வழியையும் வீட்டைப் போலவே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எப்போது பார்ப்பது?

ஞாயிறு காலை எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். வார நாளில் இரண்டு முறை போய்ப் பாருங்கள்: காலை எட்டரைக்கு, பள்ளி வேன்களும் ஆபீஸ் பைக்குகளும் கிளம்பும் நேரத்தில் ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை. வண்டியை எங்காவது நிறுத்திவிட்டு, நீங்கள் தினமும் இறங்கப்போகும் பஸ் ஸ்டாப்பிலிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ வீட்டு வாசல் வரை நடந்து வாருங்கள். அந்த வழியை அதிகம் பயன்படுத்தப்போவது யாரோ, அவர் முன்னால் நடக்கட்டும். கணவருக்குச் சரியாகப் பட்ட சந்து மனைவிக்குச் சரியாகப் படாமல் போகலாம். அந்த வழியில் தினமும் நடக்கப்போகிறவரின் தீர்ப்பே முக்கியம்.

புரோக்கர் "ஸ்டேஷன் ரொம்பப் பக்கம் சார், அறுநூறு மீட்டர்தான்" என்பார். சாதாரண நடையில் அது ஏழெட்டு நிமிடம். ஆனால் இடையில் ஒரு பெரிய சாலை வந்தால் அந்தக் கணக்கு செல்லாது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி வீடு பார்ப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. காலையில் வீட்டுப் பக்கத்திலேயே பஸ் ஏறிவிடலாம். சாயங்காலம் எதிர்ப்பக்கத்தில்தான் இறங்க வேண்டும். ஆறு வழிச் சாலையை எங்கே கடப்பது? சிக்னல் இருக்கிறதா, நடைமேம்பாலம் இருக்கிறதா, அதற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? வயதானவரால் அந்தப் படிகளில் ஏற முடியுமா?

இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023-ல் குடியிருப்புப் பகுதிகளுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வேக வரம்பு வைத்தது. நீங்கள் பார்க்கும் தெருமுனையில் பத்து நிமிடம் நில்லுங்கள். அந்த வேகத்தில்தான் வண்டிகள் போகின்றனவா? பக்கத்து மெயின் ரோடு சிக்னலைத் தவிர்க்க இந்தத் தெருவைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டிருக்கிறார்களா? வீட்டைச் சுற்றிப் பார்த்தால் இது தெரியாது; தெருமுனையில் நின்றால்தான் தெரியும்.

நடைபாதை யாருக்கு?

நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், அதன் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கின்றன இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நெறிகள். டேப் எடுத்துப் போக வேண்டியதில்லை. இருவர் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

ஏதாவது ஓர் உள்தெருவில் நூறு மீட்டர் நடந்து பாருங்கள். முதலில் ஒரு வீட்டின் கார் ஏறும் சரிவு நடைபாதையை வெட்டிக்கொண்டு தெரு வரை நீளும். அதைத் தாண்டினால் ஈ.பி. பெட்டி, கதவு பாதி திறந்தபடி. அடுத்து ஒரு மரம். அதன் வேர் கல்லைத் தூக்கிவிட்டிருக்கும். பிறகு டிபார்ட்மென்டல் ஸ்டோர் வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகள். கடைசியில் வடிகாலின் மூடிக்கல் ஒன்று உடைந்து, யாரோ அடையாளத்துக்கு ஒரு மரக்கிளையைச் செருகி வைத்திருப்பார்கள். இந்த நூறு மீட்டருக்குள் எத்தனை முறை சாலையில் இறங்கி ஏற வேண்டியிருந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒருமுறை இரண்டு முறை என்றால் சமாளிக்கலாம். ஐந்தாறு முறை என்றால், முட்டிவலிக்காரரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவரும் கடைசியில் சாலையிலேயே நடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த ஊருக்கு நல்ல நடைபாதை போடத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது சென்னை மாநகராட்சி. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று அது சொன்னது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தபோது, வயதானவர்களும் குழந்தைகளும் அங்கே சாவகாசமாக நடப்பதை எல்லோரும் பார்த்தோம். பாண்டி பஜாரில் முடிந்தது உள்தெருக்களிலும் முடியும்.

கடைகளும் ஜன்னல்களும்

ஒரு தெரு பாதுகாப்பானதா என்பதை எப்படி எடைபோடுவது? 1989-ல் கனடாவின் டொரோண்டோவில் மெட்ராக் என்ற அமைப்பு இதற்கொரு வழியை உருவாக்கியது. பெண்களே குழுவாகத் தங்கள் பகுதியில் நடந்து, எங்கே பயமாக இருக்கிறது, ஏன் பயமாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும் தணிக்கை அது. அந்த வழியைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தார்கள் கல்பனா விஸ்வநாத்தும் ஆஷிஷ் பாசுவும். 2013-ல் அவர்கள் தொடங்கிய சேஃப்டிபின் செயலி தெரு விளக்கு, நடைபாதை, பொதுப் போக்குவரத்து, ஆள் நடமாட்டம், அங்கிருந்து பார்த்தால் எவ்வளவு தூரம் தெரிகிறது, தெருவை யாராவது பார்த்துக்கொண்டிருக்க முடியுமா, பெண்கள் அங்கே இருக்கிறார்களா என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறது. அதே கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு நாமும் நடக்கலாம்.

விளக்கைப் பார்க்கும்போது கம்பத்தை மட்டும் எண்ணாதீர்கள். கம்பம் இருக்கும், விளக்கும் எரியும். ஆனால் தூங்குமூஞ்சி மரக்கிளை அதை மறைத்து, தரையில் இருட்டுதான் விழும். வெளிச்சம் காலடியில் விழுகிறதா, எதிரில் வருகிறவர் முகம் தெரிகிறதா என்று பாருங்கள்.

தெருவைக் காப்பது பெரும்பாலும் அங்கே புழங்கும் மனிதர்கள்தான் என்று 1961-லேயே எழுதினார் அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ். நியூயார்க்கில் தான் வாழ்ந்த தெருவின் கடைக்காரர்களையும் ஜன்னலோரத்து மனிதர்களையும் பார்த்து அவர் சொன்னது நம் ஊருக்கும் பொருந்தும். இரவு பத்து வரை திறந்திருக்கும் மருந்துக்கடை, முனையில் இஸ்திரி வண்டி, பூக்கார அம்மா, ஆவின் பூத், மொட்டைமாடியில் காற்று வாங்கும் குடும்பம் என்று இவர்கள் இருக்கும் தெருவில் ஒருவர் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மாறாக, இருபுறமும் நீண்ட காம்பவுண்டுச் சுவர், அதை ஒட்டி வரிசையாக நிற்கும் வேன்கள், புதர் மண்டிய காலி மனை என்றால் பகலிலும் மனம் பதறும். பறக்கும் ரயில் நிலையங்கள் சிலவற்றில் கட்டடம் பிரம்மாண்டமாக இருந்தும் பெண்கள் இரவில் இறங்கத் தயங்குவது இதனால்தான்: படியிறங்கி வெளியே வரும் வரை ஒரு கடைகூடக் கிடையாது.

போகிற வழியில் டாஸ்மாக் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். காலையில் வெறும் ஷட்டராகத் தெரியும் இடம் இரவு ஒன்பதரைக்கு வேறு மாதிரி இருக்கும். சிசிடிவி கேமரா இருப்பது நல்லதுதான், ஆனால் நடந்ததைப் பிறகு காட்டத்தான் அது உதவும். நடக்கும்போது உதவிக்கு வருவது ஆள்தான்.

"அந்த ஏரியா வேண்டாம் சார்"

வீடு தேடுகிறவர்கள் காதில் அடிக்கடி விழும் வார்த்தை இது. வியாசர்பாடி, காசிமேடு, ராயபுரம் என்றாலே முகம் சுளிக்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். வடசென்னை என்றால் கத்தி, ரத்தம் என்று சினிமாவும் பல வருடங்களாகச் சொல்லிவைத்திருக்கிறது. சொல்லாமல் விடும் காரணங்களில் சாதியும் மதமும் ஏழ்மை மீதான இளக்காரமும் கலந்திருக்கின்றன. ஒரு பகுதியின் பெயரை வைத்துத் தீர்ப்பு சொல்வது அங்கே வாழும் லட்சக்கணக்கான உழைக்கும் மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

தெருவைத் தெருவாகப் பாருங்கள். பழைய குடியிருப்புகளில் இரவு பத்து மணிக்கும் பெண்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் தெருக்கள் ஏராளம். புதிதாக வருகிறவரிடம் "யார் வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்க அங்கே ஆள் இருக்கும். இன்னொரு பக்கம், செக்யூரிட்டியும் நீச்சல் குளமும் உள்ள அடுக்குமாடி வளாகங்கள். கேட்டைத் தாண்டினால் விளக்கில்லாத மண் சாலை. கேட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு, ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி வருகிறவருக்கு எந்த விதத்திலும் உதவாது. சண்டை சச்சரவு உண்மையாகவே அதிகம் உள்ள தெருவும் இருக்கலாம்தான். அதை அங்கேயே குடியிருக்கும் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியாட்கள் பேச்சை வைத்து முடிவு செய்யக் கூடாது.

மழை வந்தால்

சென்னையில் தெருவின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது தண்ணீரை விட்டுவிட முடியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை சுற்றுவட்டாரம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். முதல் மாடி வீடு என்பதால் நமக்குக் கவலையில்லை என்று நினைக்கக் கூடாது. பால் வாங்கவும் மருந்து வாங்கவும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

வேளச்சேரியில் நண்பருக்கு வீடு பார்க்கப் போனபோது, தெருமுனை இஸ்திரிக்காரரிடம் "அண்ணே, 2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "இங்க இவ்ளோ. அந்த பச்சை கேட்டுக்கு அப்பால முழங்கால்தான். அந்தப் பக்கமா பாருங்க சார்" என்றார். ஒரே தெருவில் ஐம்பது மீட்டரில் இத்தனை வித்தியாசம் என்பது எந்த வரைபடத்திலும் கிடைக்காத தகவல்.

வெள்ளம் வராத வருடத்திலும் சாதாரண மழையே ஆளைக் கொல்லும். 2017 நவம்பரில் கொடுங்கையூரில் மழைநீரில் கிடந்த மின்கம்பி இரண்டு சிறுமிகளைப் பலிகொண்டது. 2022 அக்டோபரில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்தார். அதனால் மூடியில்லாத வடிகால், தாழ்வாகத் தொங்கும் வயர், தரைமட்டத்தில் இருக்கும் மின்பெட்டி இவற்றைக் காய்ந்த நாளிலேயே கண்டு வையுங்கள்.

யாரிடம் கேட்பது?

வீட்டு ஓனரிடமும் புரோக்கரிடமும் கேட்டால் "நல்ல ஏரியா" என்ற பதில்தான் வரும். தெருவில் நாள் முழுக்க இருப்பவர்களிடம் கேளுங்கள். எந்தச் சந்தில் நாய் துரத்தும் என்று உணவு டெலிவரி தம்பிக்குத் தெரியும். எத்தனை மணிக்கு மேல் ஆட்டோ கிடைக்காது என்று ஸ்டாண்டில் இருப்பவருக்குத் தெரியும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், "அக்கா, இருட்டினதுக்கு அப்புறம் இந்த வழியா தனியா வருவீங்களா?" என்று கேளுங்கள். "நான் அந்தப் பக்கமா சுத்திதான்மா வருவேன்" என்று அவர் சொன்னால் அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

தெரு விளக்கு எரியவில்லை, வடிகால் மூடி இல்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுக்கலாம். விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் வேலை எளிது. குடிபோவதற்கு முன்பே ஒரு புகார் கொடுத்துப் பாருங்கள். சரி செய்ய எத்தனை நாள் ஆகிறது என்பதே அந்த வார்டைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் பட்ஜெட்டுக்குக் கிடைப்பது குறையுள்ள தெருவாகத்தான் இருக்கும். பெரும்பாலோரின் நிலை அதுதான். ஆனால் தெரிந்து போகிறவர், எந்த வழியாக வருவது, எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்று முதல் நாளே ஏற்பாடு செய்துகொள்வார். குடிபோன பின் வாக்காளர் அட்டையை அந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் போய் உட்கார்ந்து பேசுங்கள். "நாம வாடகைக்கு இருக்கிறவங்கதானே" என்று ஒதுங்குவதால்தான் நம் தெருக்கள் இப்படிக் கிடக்கின்றன. லிஃப்ட் இருக்கிறதா, கார் பார்க்கிங் இருக்கிறதா என்று வாடகைதாரர்கள் கேட்டதாலும்தான் கட்டடங்களில் லிஃப்டும் பார்க்கிங்கும் வந்தன. நடைபாதை எங்கே, விளக்கு எங்கே என்று கேட்க ஆரம்பித்தால், ஓனர் கவுன்சிலரிடம் கேட்பார்; கவுன்சிலர் மாநகராட்சியிடம் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கேள்வியை அடுத்த வீடு பார்க்கும்போது முதல் கேள்வியாகக் கேளுங்கள்.