தழும்பை உண்டாக்கும் நட்சத்திர செல்கள்

முழங்காலில் சிராய்ப்பு பட்டால் பொருக்குத் தட்டி, சிறு தழும்போடு ஆறிவிடும். ஆறுவதற்குள் அதே இடத்தில் தினமும் அடிபட்டால்? ஆண்டுக்கணக்காக மது, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், மிதமிஞ்சிய கொழுப்பு ஆகியவற்றால் தாக்கப்படும் கல்லீரலின் நிலை அதுதான். அங்கே தழும்பை உண்டாக்குவதில் முதலிடம் வகிப்பவை ‘ஸ்டெல்லேட்’ எனப்படும் நட்சத்திர செல்கள்.

இவை யாவை?

ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் வான் குப்ஃபர் 1876-இல் தங்க குளோரைடு சாயமேற்றி இவற்றைக் கண்டார். இவை வைட்டமின் ஏ சேமிக்கும் செல்கள் என்பதை 1971-இல் ஜப்பானின் கெஞ்சிரோ வேக் உறுதிசெய்தார். உடலிலுள்ள வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதி இவற்றில்தான் கொழுப்புத் துளிகளாக இருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் அந்தத் துளிகள் நீலப்பச்சையாக ஒளிர்ந்து, சட்டென மங்கிவிடும்.

தழும்பு எப்படி உருவாகிறது?

கல்லீரல் செல்கள் சேதமடைந்ததும், பக்கத்திலுள்ள பாதுகாப்பு செல்கள் ‘டிஜிஎஃப்-பீட்டா’ போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. உடனே நட்சத்திர செல்கள் வைட்டமின் ஏ துளிகளை இழந்து, பல்கிப் பெருகி, கொலாஜன் நாரைச் சுரக்கத் தொடங்குகின்றன. காயம் ஆறினால் இந்த வேலையும் நின்றுவிடும். ஆறாவிட்டால் நாரின் மேல் நார் படியும். நுண்ரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள துளைகள் அடைபடும். இந்த செல்கள் தசைபோல் சுருங்கிக் குழாயை இறுக்கவும் செய்யும். கல்லீரலுக்கு வரும் ரத்தம் தடைபட்டு, அழுத்தம் ஏறும். வயிற்றில் நீர் கோப்பதும், உணவுக்குழாய் நாளம் வெடித்து ரத்த வாந்தி வருவதும் இதன் விளைவே.

மீள முடியுமா?

முடியும். காரணத்தை அகற்றினால் இந்த செல்களில் ஒரு பகுதி மடிகிறது; மற்றவை பழைய அமைதிக்குத் திரும்புகின்றன. படிந்த நாரை நொதிகள் கரைக்கின்றன. ஹெபடைடிஸ் சி குணமானவர்கள் பலரிடம் தழும்பு குறைந்திருக்கிறது. ஆனால் நோய் முற்றி, கல்லீரல் முடிச்சு முடிச்சாகச் சுருங்கிய பிறகு இந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

கல்லீரல் வலித்து எச்சரிக்கும் உறுப்பல்ல. மது அருந்துபவர்கள், நீரிழிவு, உடல்பருமன் உள்ளவர்கள், ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் தொற்றியவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். கல்லீரலின் விறைப்பை ஊசியின்றி, வலியின்றி அளக்க ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது. அது தேவையா என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.