கொடிமலை ஏறும் ரயில்

பினாங்கில் கொடிமலைக்குப் போவதென்றால், பெரும்பாலோருக்கு ஆயர் ஈத்தாம் அடிவாரத்தில் ரயில் ஏறுவதுதான். ஒரே நடையில் நூறு பேரை ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சரிவில் ஏறும் அந்தப் பெட்டிக்குள் எஞ்சின் கிடையாது.

பனி நாட்டுச் சறுக்கு வண்டியைப் பாருங்கள். இறங்கும்போது சரிவே இழுத்துக்கொண்டு போய்விடும். மேலே கொண்டுபோவதற்குத்தான் ஆள் பலம் வேண்டும். இறங்குகிற வண்டியின் எடையைக் கொண்டே இன்னொரு வண்டியை மேலே ஏற்றினால்? இந்த ரயிலின் சூத்திரம் அதுதான்.

உச்சியில் ஒரு பெரிய கப்பி. அதன்மேல் போட்ட எஃகுக் கம்பிவடத்தின் இரு நுனிகளிலும் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்க, மற்றது ஏறும். பெட்டிகளின் எடை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், மேலே உள்ள மோட்டாருக்கு மிஞ்சுவது பயணிகளின் எடை வித்தியாசம், வடத்தின் பாரம், உராய்வு ஆகியவைதான். மெல்லிய கயிற்றைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'ஃபனிக்குலர்' என்ற பெயர் வந்தது. பழனியில் நம்மவர்கள் 'விஞ்ச்' என்பார்கள். வடத்தை இழுக்கும் இயந்திரத்தின் பெயர் அங்கே வண்டிக்கே ஆகிவிட்டது.

பாதையோ ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு பெட்டிகளும் நடுவழியில் சந்தித்தாக வேண்டும். அந்த இடத்தில் மட்டும் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. பிரியும் இடத்தில் திருப்பிவிட ஆளும் இல்லை, அசையும் பாகமும் இல்லை. இத்தகைய ரயில்களில் சூட்சுமம் சக்கரத்தில் இருக்கிறது: பெட்டியின் ஒரு பக்கச் சக்கரங்களுக்கு இரு ஓரமும் விளிம்பு உண்டு, அவை தங்கள் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டே போகும். மறுபக்கச் சக்கரங்கள் விளிம்பில்லாத அகன்ற உருளைகள். வடம் குறுக்கே போக விட்டிருக்கும் இடைவெளிகளை உருண்டு தாண்டிவிடும். அடுத்த பெட்டிக்கு இது அப்படியே இடம் வலமாக மாறியிருக்கும். ஆகவே ஒன்று எப்போதும் இடப்புறம், மற்றது எப்போதும் வலப்புறம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த இந்த ஏற்பாட்டைப் போல எளிமையான பொறியியலை நான் அதிகம் கண்டதில்லை.

கொடிமலையில் ரயில் ஓடத் தொடங்கியது 1923இல். அதற்கு முந்தைய ஒரு முயற்சி தோற்றுப்போயிருந்தது. ரயில் வரும்வரை நடை, குதிரை, இல்லாவிட்டால் டோலி. ஒருவர் உட்கார்ந்து போக, பல தோள்கள் அந்த ஏற்றம் முழுவதும் சுமந்தன. பழைய ரயிலில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அரைமணி நேரம் பிடிக்கும். 2010இல் மூடிப் புதுப்பித்து, 2011இல் திறந்த பிறகு மாற வேண்டியதில்லை, சில நிமிடங்களில் உச்சி வந்துவிடுகிறது.

உச்சியிலுள்ள அருளொளித் திருமுருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் பெட்டியின் முன்பக்கக் கண்ணாடியோரம் இடம் பிடியுங்கள். தண்டவாளம் பிரிவதையும், எதிர்ப்பெட்டி உரசாமல் விலகுவதையும் அங்கிருந்துதான் நன்றாகப் பார்க்க முடியும்.