காலடியில் ஒரு களஞ்சியம்

பொம்மிடி தொடர்வண்டி நிலையத்தில் நின்று தெற்கே நோக்கினால், சேர்வராயன் மலைத்தொடர் நீலநிறமாய் நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். மாசி, பங்குனி மாதங்களில் சில இரவுகளில், அம்மலைச் சரிவிற்குச் செம்மாலை சாத்தியது போல் நெருப்பு வரிசை ஒன்று நெளிந்து செல்லும். தொலைவிலிருந்து காண்போர்க்கு அது அழகாகவே தோன்றும். ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, அங்கே எரிவது யாதென எண்ணிப் பார்த்ததுண்டா?

மலையடிவாரத்து முதியவர் ஒருவரிடம் இது பற்றிப் பேசினேன். "சருகுதானே சாமி! அது எரிந்தால்தான் முதல் மழைக்குப் புதுப்புல் கிளம்பும், ஆடுமாடு பிழைக்கும்" என்றார். "நீங்கள் சொல்வது உண்மைதான், பெரியவரே, ஆனால் பாதி உண்மை" என்றேன். மீதிப் பாதியை அவரிடம் கூறியவாறே இங்கும் கூறுகிறேன்.

காட்டுக்கு வண்டி வண்டியாய் எரு அடித்தவர் எவருமிலர். எனினும் அது ஆண்டுதோறும் தழைக்கிறது. எவ்வாறு? மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு, கார்பன் எனும் கரிமத்தைத் தன் உடலாக்கிக் கொள்கிறது. வேர்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து ஆகியவற்றை மண்ணிலிருந்து ஈர்க்கின்றன. கோடையில் இலை உதிர்கின்றது. கறையானும் மண்புழுவும் பூஞ்சையும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் அதை மட்கச் செய்து, வாங்கிய சத்தை மண்ணுக்கே திருப்பித் தருகின்றன. மண் கொடுத்த கடனை மரம் திருப்பிச் செலுத்தும் முறை இதுவே.

இடையில் தீ புகுந்தால் என்ன நேரும்? சருகிலுள்ள கரிமமும் தழைச்சத்தும் பெரும்பகுதி புகையாய்ப் போய்விடும். ஏனைய சத்துகள் சாம்பலில் தங்கும். புதுப்புல் விரைந்து முளைப்பது அவற்றால்தான். ஆனால் மலைச்சரிவில் பெய்யும் முதற் பெருமழை அச்சாம்பலையும் அடித்துச் சென்றுவிடும். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெல்ல மண்ணுள் இறக்கும் சருகுப் போர்வையும் இல்லாது போகும்.

மண்ணுக்கு நேரும் இழப்பு எத்தகையது என்பதை உணர, வடதுருவத்தை அடுத்துள்ள நாடுகளின்பால் நம் கருத்தைச் சற்றே செலுத்துவோம். சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, கனடா ஆகிய நாடுகளில் பைன், ஸ்புரூஸ் முதலிய ஊசியிலை மரக்காடுகள் பரந்துள்ளன. அங்குள்ள கடுங்குளிரில் உதிர்ந்த இலை மட்கப் பல்லாண்டுகள் ஆகும். ஆகவே நூற்றாண்டுகளாய்ச் சேர்ந்த மட்குப் படிவத்தால், மரங்களில் உள்ளதினும் மிகுதியான கரிமம் அக்காட்டு மண்ணில் அடங்கியுள்ளது. உலக மண்ணின் மேற்பகுதியில், ஒரு மீட்டர் ஆழத்திற்குள் மட்டும், ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரிமம் உள்ளதெனக் கணக்கிடப்பட்டுள்ளது. காற்று மண்டலத்தில் உள்ளதைவிட இது மிகுதி.

இக்களஞ்சியத்திற்கும் கேடு வந்தது. நிலக்கரி எரித்த ஆலைகளின் கந்தகப் புகை, எல்லை கடந்து சென்று அமில மழையாய்ப் பொழிவதை 1967-இல் சுவீடன் நாட்டு மண்ணியல் அறிஞர் ஸ்வாந்தே ஒடேன் எடுத்துரைத்தார். அவ்வமிலம் மண்ணிலிருந்த சுண்ணாம்புச்சத்தையும் மக்னீசியத்தையும் அரித்துச் சென்றது. மண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியத்தைக் கரைத்து, வேர்களுக்கும் ஏரி மீன்களுக்கும் நஞ்சாக்கியது. 1979-இல் ஜெனீவாவில் நாடுகள் ஓர் உடன்பாடு கண்டன. 1985-இல் ஹெல்சிங்கியில் கூடி, கந்தகப் புகையை 30 விழுக்காடு குறைக்க உறுதி பூண்டன. புகை பெரிதும் குறைந்தது. ஆயினும் இழந்த சத்துகள் பல இடங்களில் இன்னும் முழுமையாய்த் திரும்பவில்லை. மண் விரைவில் இழக்கும், மெல்லத்தான் மீளும்.

நம் மலைகளுக்கு இப்படிப்பினை மிகப் பொருந்தும். இவ்வெப்ப நாட்டில் சருகு விரைவில் மட்கிவிடுவதால், வடபுலத்தைப் போன்ற பெருஞ்சேமிப்பு நம் காட்டு மண்ணில் இல்லை. அன்றாடக் கூலியால் வாழும் குடும்பம் போல, அது ஆண்டுதோறும் விழும் இலையால் வாழ்கிறது. அக்கூலியைக் கொளுத்தலாமா?

ஆடுமாடுகளும் பிழைக்க வேண்டும், ஐயமில்லை. அதற்குப் புல்லை அறுத்துச் சேர்த்து வைப்பதே வழி, காட்டைக் கொளுத்துவதன்று. காப்புக்காட்டில் தீயிடுவதை 1882-ஆம் ஆண்டு வனச்சட்டமே குற்றமெனத் தடுத்துள்ளது. நம் வீட்டளவிலும் செய்யத்தக்கது உண்டு. என் இல்ல முற்றத்து வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்தச் சொன்னவன் நானே. இப்போது அதைக் குழியிலிட்டு மண் தூவி நீர் தெளிக்கிறேன். ஓராண்டில் கிடைத்த கரிய மட்கில்தான் இன்று முருங்கையும் கொய்யாவும் செழிக்கின்றன.

மலை எரியும் இதே பருவத்தில்தான், சாம்பல் புதனன்று, நாமும் மண்ணே என்பதை நினைவுகூர்ந்து நெற்றியில் சாம்பல் ஏற்கிறோம். அந்த மண்ணைச் சாம்பலாக்காதிருப்பதும் நம் தவக்கால முயற்சிகளுள் ஒன்றாகட்டும்.